இரண்டு அங்குலம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பரீட்சைத் தாள்களைத் திருத்துவதற்கென்று சிவப்பு மைப் பேனாவைக் கையில் எடுத்த அதே நிமிஷத்தில், என்னுடைய பழைய மாணாக்கர் ஒருவர் வந்து சேர்ந்தார். தாள் திருத்தும் உபாத்தியாயருக்கு எந்த விருந்தாளியும் தெய்வந்தான். பேனாவை மூடி வைத்துவிட்டு, "வா தம்பி, உட்கார்" என்றேன்.

தம்பிக்கு வயது முப்பத்திரண்டு ஆகிறது. தாண்டிக்குடிப் பக்கம் மலையில் காப்பியும் மிளகும் போட்டிருக்கிறார். அவர் மடியிலிருந்து இரண்டு காகிதங்கள் வெளியே வந்தன. ஒன்று, மாருதி சுஸுகி ஜிம்னி வண்டியின் இரண்டு ரகங்களை அருகருகே போட்டு அச்சடித்த பட்டியல். மற்றொன்று, பட்டணத்துப் பட்டறை ஒன்று எழுதிக் கொடுத்த செலவுக் கணக்கு.

"ஸார், மேல் ரகமாக வாங்கிவிடலாமா? இல்லை, கீழ் ரகத்தை வாங்கி, மிச்சமாகிற பணத்தில் 2 அங்குலம் லிஃப்ட் போட்டு உயர்த்திக் கொள்ளலாமா? பௌதிகம் நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்!" என்றார்.

சொல்லிக் கொடுத்தது உண்மைதான். அதற்கு இப்படி ஒரு பரீட்சை வரும் என்று அன்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நன்றாகவே சொல்லிக் கொடுத்திருப்பேன்.

விஷயம் விளையாட்டல்ல. தம்பியின் தாயார் தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறார். அறுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலிலும் வலி. தார் ரோட்டிலிருந்து வீட்டுக்கு மூன்றரைக் கிலோமீட்டர் மண் பாதை. போன ஐப்பசி மழையில் அந்த அம்மாளுக்குக் கடும் ஜுரம் கண்டது. மகன் தம்முடைய காரில் அழைத்துக்கொண்டு கிளம்பினார். பாதி வழியில் அடிவயிறு பாறையில் மோதி, ஆயில் சேம்பர் விண்டு, எண்ணெய் முழுவதும் வழிந்து போயிற்று. நாற்காலியில் உட்கார்த்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்த்தான் ரோட்டில் சேர்த்தார்களாம். கார் செய்தவர்கள்மேல் குற்றம் சொல்வதற்கில்லை. பட்டணத்து வீதிக்காகப் பிறந்த வண்டி அது. "இனிமேல் அப்படி ஒரு நாள் வரக்கூடாது, ஸார்" என்று தம்பி சொன்னபோது அவர் குரல் சற்றுத் தழுதழுத்தது.

முதலில் ரகத்தைப் பார்ப்போம் என்றேன். மேல் ரகம், கீழ் ரகம் என்று கம்பெனிகள் பிரிப்பதில் இரண்டு தினுசு உண்டு என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் ஜீப் ராங்ளர் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியா மலைகளில் ரூபிகான் என்று ஒரு கரடுமுரடான பாதை இருக்கிறது. அதன் பெயரையே சூட்டி 2003-ல் ஒரு மேல் ரகம் கொண்டுவந்தார்கள். அதில் முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும் டிபரன்ஷியலைப் பூட்டிவிடலாம். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் மற்றச் சக்கரம் இழுக்கும். மெதுவாக ஏறுவதற்கான தாழ்ந்த கியர், இப்போதைய வண்டியில், சாதாரண ரகத்துக்கு 2.72 மடங்கு, ரூபிகானுக்கு 4 மடங்கு. இவை யந்திரத்தின் எலும்போடு பிறந்த வித்தியாசங்கள். கீழ் ரகத்தை வாங்கிவிட்டுப் பிற்பாடு ஒவ்வொன்றாகச் சேர்க்கப் புகுந்தால் பணமும் பொறுமையும் இரண்டுமே தீர்ந்துபோகும். அங்கே "மேல் ரகத்தை வாங்கு" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

ஜிம்னியின் கதை வேறு. 2023 ஜூன் மாதத்தில் இந்த ஐந்து கதவு வண்டி நம் நாட்டில் விற்பனைக்கு வந்தபோது, ஜீட்டா என்ற கீழ் ரகத்துக்கு 12.74 லட்சம், ஆல்பா என்ற மேல் ரகத்துக்கு 13.69 லட்சம் என்று விலை வைத்தார்கள். கையால் கியர் போடும் வண்டிக்கு, ரோட்டு வரி முதலியவை நீங்கலாக. வித்தியாசம் 95 ஆயிரம் ரூபாய். அந்த 95 ஆயிரத்துக்கு என்ன கிடைக்கிறது? அலாய் சக்கரம், பெரிய திரை, பித்தானை அமுக்கினால் கிளம்புவது, தானே உஷ்ணத்தைச் சரிப்படுத்திக்கொள்ளும் குளிர்சாதனம், எல்.ஈ.டி. முகவிளக்கு, அதைக் கழுவுவதற்கு ஒரு தண்ணீர்ப் பீச்சி. நாலு சக்கரங்களுக்கும் சக்தி அனுப்பும் ஏற்பாடு, தாழ்ந்த கியர், வழுக்கும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து மற்றதற்குப் பலம் மாற்றும் தந்திரம், இறக்கத்தில் வேகத்தை அடக்கும் சாதனம், ஆறு காற்றுப் பைகள் எல்லாம் இரண்டு ரகத்துக்கும் பொது. மலை ஏறுகிற சாமர்த்தியத்தில் அண்ணன் தம்பிக்குள் வேற்றுமையே இல்லை.

விளக்கு ஒன்றுதான் என்னைச் சற்று யோசிக்க வைத்தது. மலை வழியில் இரவில் போகிறவருக்கு நல்ல வெளிச்சம் என்பது ஆடம்பரமல்ல. மற்றவை எனக்குப் பெரிதாகப் படவில்லை. அதிலும் கல்லில் இடித்து நெளிந்த இரும்புச் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டியே சரிசெய்துவிடும் கெட்டிக்காரர்கள் மலையடிவாரத்தில் இருக்கிறார்கள். அலாய் விரிந்தால் விரிந்ததுதான்.

(வேறு வண்டி பார்க்கிறவர்களுக்கு இடையில் ஓர் எச்சரிக்கை. மஹிந்திரா தார் வண்டியில் 2023 ஜனவரியில் பின் சக்கரங்கள் மட்டுமே இழுக்கும் ஒரு ரகத்தையும் வெளியிட்டார்கள். பார்வைக்கு ஏறக்குறைய அதே ஜீப், விலை குறைவு. தோற்றத்தைக் கண்டு முன்பணம் கொடுத்துவிட்டு, சேற்றில் அகப்பட்ட பிறகு நாலு சக்கரத்துக்கும் சக்தி போகும் என்று எதிர்பார்ப்பதில் பயனில்லை.)

இனி அந்த 2 அங்குலத்துக்கு வருவோம். சுருள் வில்லை எடுத்துவிட்டு உயரமான வில்லைப் போடுவது, அல்லது இருக்கிற வில்லின்மேல் ஒரு கட்டையை வைப்பது, இதற்குத்தான் லிஃப்ட் என்று பெயர். வண்டியின் உடம்பு மேலே போகிறது. ஆகவே முன் பம்பர் மேட்டில் இடிக்காது. நடு வயிறு மேட்டின் முகட்டில் உட்காராது. இதெல்லாம் மெய்யான லாபந்தான். ஐந்து கதவு ஜிம்னி வெளிநாட்டு மூன்று கதவு வண்டியைவிட 340 மில்லிமீட்டர் நீளமான சக்கர இடைவெளி உள்ளது. அதனால் அதன் நடு வயிறு தாண்டக்கூடிய முகட்டுக் கோணம் 28 டிகிரியிலிருந்து 24 டிகிரியாகக் குறைந்திருக்கிறது. 2 அங்குலம் உயர்த்தினால் சுமார் 4 டிகிரி கூடும். இழந்ததைத் திரும்பப் பெற்றதாக வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஜிம்னியின் இரண்டு அச்சுக்களும் முழு அச்சுக்கள். சக்கரத்துக்குச் சக்கரம் ஒரே இரும்புக் குழாய். அதன் நடுவே டிபரன்ஷியல் உருண்டை தொங்குகிறது. தரைக்கு மிக அருகில் இருப்பது அதுதான். கம்பெனி சொல்லும் தரை இடைவெளி 210 மில்லிமீட்டர். வில்லை எவ்வளவு உயர்த்தினாலும் இந்த உருண்டை ஒரு நூல்கூட மேலே போகாது. அது வில்லுக்குக் கீழே அல்லவா இருக்கிறது! அதை உயர்த்துவதற்கு ஒரே வழி பெரிய டயர். அதிலும் டயரின் குறுக்களவில் கூடுவதில் பாதிதான் கிடைக்கும். "இதைப் பட்டறைக்காரர் சொல்லவே இல்லையே, ஸார்!" என்றார் தம்பி.

அவர் சொல்லாதது இன்னும் சில இருந்தன. சைக்கிளின் முன் கவை நேர்க் குத்தாக இராமல் சற்றுச் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாய்வினால்தான் பையன்கள் கையை விட்டுவிட்டு ஓட்டி நம் வயிற்றில் புளியைக் கரைக்கிறார்கள். மோட்டாரின் முன் சக்கரத்துக்கும் அப்படி ஒரு சாய்வு உண்டு. திருப்பிய ஸ்டீயரிங் தானே நேருக்கு வருவது அதனால். வில்லை மட்டும் உயர்த்தினால் அச்சு சற்றே சுழன்று, அந்தச் சாய்வு குறைகிறது. வேகத்தில் வண்டி அலைபாயும். சில சமயம் ஸ்டீயரிங்கே வெடவெடவென்று நடுங்கும். அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் குறுக்குத் தண்டு வட்டமாக நகருவதால் அச்சு ஒரு பக்கமாக ஒதுங்கும். பிரேக் குழாய் இழுபடும். இவற்றையெல்லாம் சரிப்படுத்தத் தனித்தனிச் சாமான்கள் உண்டு. நல்ல பட்டறைகள் போட்டும் கொடுக்கின்றன. தம்பியின் கணக்குச் சீட்டிலோ வில், ஷாக் அப்ஸார்பர், கூலி ஆகிய மூன்று வரிகள்தாம் இருந்தன.

பிறகு கவிழும் கணக்கு. சக்கரங்களுக்கு இடையே அகலம் 1.4 மீட்டர். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நின்ற நிலையில் 45 டிகிரி சாய்ந்தால் கவிழும். 5 சென்டிமீட்டர் உயர்த்தினால் 43 டிகிரி. "இரண்டு டிகிரிதானே" என்று தோன்றும். மலை வளைவில் மிளகு மூட்டையும் மனிதர்களுமாகத் திரும்பும்போது வண்டி நின்ற நிலையில் இருப்பதில்லை. உடம்பு ஆடி, வில் அமுங்கி, மையமும் நகருகிறது. சறுக்காமல் காக்கும் மின்சார மூளையைக் கம்பெனியார் பழக்கியது பழைய உயரத்துக்குத்தான்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் ஸுப்ரீம் கோர்ட்டும் இதை வற்புறுத்தித் தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் செய்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வழியில் எத்தனையோ உயர்ந்த வண்டிகள் ஓடுவதைக் காண்கிறோம் என்பது வாஸ்தவம். விபத்து நேர்ந்த அன்று இன்ஷியூரன்ஸ் கம்பெனிக்காரர் அந்த வண்டிகளைப் பார்க்க மாட்டார். நம் வண்டியைத்தான் பார்ப்பார்.

இவ்வளவும் பேசிய பிறகும் எனக்குத் திருப்தி ஏற்படவில்லை. வழியைப் பார்க்காமல் வண்டியைத் தீர்மானிப்பது, காலைப் பார்க்காமல் செருப்பு வாங்குவது போலத்தானே? அடுத்த சனிக்கிழமை அளவு நாடாவும், கோணமானியும், நூலில் கட்டிய ஒரு ஈயக் குண்டும் எடுத்துக்கொண்டு மலை ஏறினேன். மூன்றரைக் கிலோமீட்டரையும் நடந்தே பார்த்தோம்.

வண்டி தட்டக்கூடியவை மூன்றே இடங்கள். ஒன்று, பாலத்து முகடு. ஏற்றம் 9 டிகிரி, இறக்கம் 8 டிகிரி, ஆக 17. பாரம் ஏற்றி வில் அமுங்கினாலும் 24-க்குள் அடங்கிவிடும். இரண்டாவது, ஓடைக் கரை. இறங்கி உடனே ஏறும் இடத்தில் கூட்டினால் 26 டிகிரி. ஜிம்னியின் முன்புறம் 36 வரை தாங்கும். மூன்றாவதுதான் சென்ற வருஷம் காரின் வயிற்றைக் கிழித்த இடம். டிராக்டர் சக்கரங்கள் இரண்டு பக்கமும் ஆழமாகப் பள்ளம் பறித்து, நடுவில் கல்லும் மண்ணுமாக ஒரு திட்டு நிற்கிறது. அளந்தோம், 9 அங்குலம், அதாவது சுமார் 228 மில்லிமீட்டர். வண்டிக்கு இருப்பது 210. லிஃப்ட் எந்த இடத்தில் உதவாதோ, சரியாக அந்த இடந்தான்! 2 அங்குலம் என்ன, 2 அடி வில்லை உயர்த்தினாலும் அந்த உருண்டை அந்தத் திட்டில் இடித்தே தீரும்.

தம்பி சிறிது நேரம் திட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "இதை வெட்டிவிட்டால்?" என்றார்.

"கூலி என்ன ஆகும்?"

"நாலு ஆள், இரண்டு நாள்."

பட்டறைச் சீட்டை அவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மத்தியான்னம் தோட்டத்து வீட்டில் சாப்பாடு. மலை வாழைப்பழம் இருந்தது. அதைப் பற்றி எழுதப் புகுந்தால் இந்தப் பக்கம் போதாது. அந்த வாரத்தில் ஒரு நாள் பரீட்சை ஓட்டத்துக்காக ஒரு ஜிம்னியைத் தார் ரோடு வரையில் கொண்டுவந்து காட்டினார்களாம்; தாயாரையும் அழைத்துப் போய் ஏற்றிப் பார்த்திருக்கிறார் மகன். அந்த அம்மாள் என்னிடம் சொன்னார்: "வாத்தியாரய்யா, அதிலே காலைத் தூக்கி வைக்கிறதுக்குள்ளே எனக்கு உசிரு போய்ட்டு வந்துச்சு. இவன் இன்னும் உசத்தப் போறானாம். அப்படின்னா எனக்கு ஒரு ஏணியும் சேர்த்து வாங்கச் சொல்லுங்க."

இந்தக் கணக்கு என்னுடைய பௌதிகத்தில் விட்டுப்போயிருந்தது.

தம்பி முடிவில் கீழ் ரகத்துக்கே முன்பணம் கட்டியிருக்கிறார். மிச்சப் பணத்தில் கம்பெனி அளவிலேயே, மண்ணையும் கல்லையும் பற்றிக்கொள்ளும் வரி ஆழமான டயர்கள், அடியில் ஒரு காப்புத் தகடு, இழுவைப் பட்டை ஒன்று, காற்றடிக்கும் சிறு பம்ப் ஒன்று வாங்கச் சொல்லியிருக்கிறேன். கல் பாதையில் மெதுவாகப் போகும்போது டயரின் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் அது தரையை அணைத்துப் பிடிக்கும். ரோட்டுக்கு வந்ததும் மறுபடி நிரப்பிவிட வேண்டும். வீட்டு வாசலில் தாயார் ஏறுவதற்கு ஒரு கல் படி கட்டுவதாகவும் பேச்சு. விளக்கைப் பற்றி மட்டும் எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. "இரவில் போகவேண்டாம் என்று சொல்லாதீர்கள், ஸார், ஜுரம் பகல் பார்த்தா வருகிறது?" என்று அவரே கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார். ரகத்தை மாற்றிக்கொள்ள இன்னும் பத்து நாள் தவணை இருக்கிறதாம்.

முந்தாநாள் நல்ல மழை. நேற்று அவரிடமிருந்து செய்தி வந்தது. வெட்டிய இடத்தில் டிராக்டர் மறுபடியும் பள்ளம் பறிக்கத் தொடங்கிவிட்டதாம். "5 அங்குலந்தான் ஸார், நானே நாடாவை வைத்து அளந்துவிட்டேன்" என்று எழுதியிருந்தார். பரீட்சைத் தாள்கள் இன்னும் என் மேஜைமேல் அப்படியே இருக்கின்றன.