கழுவினால் போகுமா பூசணம்?



சம்பளம் போட்டதும் மாதத்துக்கெல்லாம் சேர்த்து நிலக்கடலை வாங்கி வைப்பது நம்மில் பலரின் வழக்கம். தோசைக்குச் சட்னி அரைக்கலாம். நாசி லெமாக்குக்கு வறுத்துப் போடலாம். பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்கு ஒரு பிடி கொடுக்கலாம். ஆனால் அடைமழை பிடித்துக்கொண்டால், பையைத் திறந்ததும் பச்சையும் மஞ்சளுமாய்ப் பூசணம்! "காசு கொடுத்து வாங்கியதாயிற்றே" என்று கழுவிக் காயவைத்து, முறுக வறுத்துவிடுகிறோம். இது சிக்கனந்தானா?

பூசணங்களில் பல வகை உண்டு. நாம் வாங்கும் தெம்பேயை உண்டாக்குவதும் பூசணமே. பென்சிலின் மருந்து கிடைத்ததும் பூசணத்திலிருந்துதான். ஆனால் கடலையிலும் சோளத்திலும் வளரும் 'அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ்' என்ற பூசணம், 'அஃபிளாடாக்சின்' என்னும் நஞ்சைச் சுரக்கக் கூடியது. வறுக்கும் சூட்டில் பூசணம் செத்துவிடும். நஞ்சோ முழுதும் அழியாது.

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கே காரணம். அதை ஆராய்ந்தபோதுதான் இந்த நஞ்சு வெளிப்பட்டது. நம் பேராக் மாநிலத்தில் 1988இல் ஒரு வகை மீ சாப்பிட்ட 13 பிள்ளைகள் இறந்தார்கள். அந்தச் சோகத்திலும் இதே நஞ்சு கண்டறியப்பட்டது. சிறுகச் சிறுகப் பல ஆண்டுகள் உடலில் சேர்ந்தாலும் ஈரலில் புற்றுநோயை உண்டாக்கும். 'ஹெப்படைட்டிஸ் பி' உள்ளவர்களுக்கு ஆபத்து பன்மடங்கு.

ஆகவே, சகோதரிகளே, இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். வாங்கியதும் முறத்தில் கொட்டி, சுருங்கியது, நிறம் மாறியது, உடைந்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். நஞ்சு பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும். நல்ல கடலையை வெயிலில் உலர்த்தி, சூடு ஆறியபின் ஈரமில்லாத பால்டின்னில் இறுக மூடி வையுங்கள். அரிசி மூட்டையைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகைமேல் ஏற்றுங்கள். வாயில் போட்ட கடலை கசந்தால் துப்பிவிடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

"கோழிக்காவது போடலாமே?" என்பீர்கள். வேண்டாம்! அந்த வான்கோழிகளை நினைத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்கும் ஆகாது, கறவை மாடு தின்றால் நஞ்சில் ஒரு பங்கு பாலிலும் இறங்கும். அந்தப் பாலைக் குடிப்பது நம் குழந்தைதானே?

பூசணம் பிடித்ததை மனம் கலங்காமல் குழிதோண்டிப் புதைத்துவிடுங்கள். போவது சில வெள்ளி. காப்பது நம் பிள்ளைகளின் ஈரல்.