பாவம், கியர் என்ன பண்ணும்?

"கியர் சைக்கிளா? அது சும்மா ஷோவுக்கு தம்பி. கியரெல்லாம் கழட்டிப் போட்டுட்டு சிங்கிள் ஃப்ரீவீல் மாட்டிக்க. நிம்மதியா இருப்ப."

கும்மிடிப்பூண்டி சுற்றுவட்டாரத்துல எந்த சைக்கிள் கடைக்குப் போனாலும் இந்த உபதேசம் இலவசமாக் கிடைக்கும். டீக்கடையிலயும் கிடைக்கும். போன மாசம் வரைக்கும் நானும் தலையாட்டிக்கிட்டு இருந்தவன்தான். இப்ப இதைக் கேட்டா எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஏன்னு சொல்லிடறேன், அப்புறம் திட்டறவங்க திட்டலாம்.

என் சித்தப்பாவுக்கு சிப்காட்ல ஒரு ரோலிங் மில்லுல கான்ட்ராக்ட் வேலை. நைட் ஷிஃப்ட் போக வர சைக்கிள்தான். செகண்ட் ஹேண்டுல வாங்கின 'மவுண்டன் பைக்'. முன்னாடி மூணு பல்சக்கரம், பின்னாடி ஆறு. (நம்ம மாவட்டத்துல மலைன்னா திருத்தணி. அதுக்கும் 365 படி கட்டி வச்சிருக்காங்க. சைக்கிளை தோள்ல போட்டுக்கிட்டுதான் ஏறணும்.)

ஆறு மாசம் முன்னாடி அந்த சைக்கிள்ல கியர் தானா எகிற ஆரம்பிச்சுது. கடைக்காரர் ஸ்க்ரூவை ரெண்டு திருகு திருகி 30 ரூபாய் வாங்கினார். ரெண்டு வாரத்துல மறுபடியும் எகிறுச்சு. இந்தத் தடவை கேபிளை மாத்தி 80 ரூபாய். அப்புறம் பின்சக்கரத்து ரிம் இடதுபக்க பிரேக் கட்டையில உரச ஆரம்பிச்சுது. "ஒண்ணும் இல்லண்ணா, பிரேக் டைட்டா இருக்கு"ன்னு பிரேக் ஒயரைத் தளர்த்தி விட்டு 50 ரூபாய். உரசல் நின்னுடுச்சு. எல்லாருக்கும் சந்தோஷம்.

மேம்பாலத்து இறக்கத்துல ஒரு ராத்திரி சித்தப்பா பின்பிரேக்கைப் பிடிச்சார். லீவர் ஹேண்டில் பார் வரைக்கும் போச்சு, சைக்கிள் நிக்கலை. முன்பிரேக் ஒயர் எப்பவோ துருப்பிடிச்சு இறுகிப் போயிருந்தது. கீழே நின்னுக்கிட்டிருந்த ஷேர் ஆட்டோவோட பின்பக்கத்துல மோதி காறை எலும்பு முறிஞ்சுது. ஆட்டோவாப் போச்சு. ஜி.என்.டி. ரோட்டுல ராத்திரி ஓரமா என்னென்ன நிக்கும்னு இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 41 நாள் வேலை இல்லை. கான்ட்ராக்ட்ல வேலை இல்லைன்னா சம்பளமும் இல்லை.

சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்து பின்சக்கரத்தைக் கழட்டினேன். அச்சு ரெண்டு துண்டா கையோட வந்துச்சு. முறிஞ்ச இடத்துல பாதி கறுப்பா பழைய விரிசல், மீதி பளபளன்னு புது முறிவு. ரொம்ப நாளா கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டு இருந்த அச்சு.

இப்ப கதையைத் திருப்பிப் படிங்க. கியர் எகிறினதும் ரிம் உரசினதும் வேற வேற வியாதி இல்லை. அச்சு வளைஞ்சா சக்கரம் கோணலா உட்காரும். செயின் வலது பக்கத்தை முன்னால இழுக்கும்போது சக்கரத்தோட முன்விளிம்பு இடது பக்கமாச் சாயும். அதான் இடது கட்டையில உரசல். சக்கரத்தோட சேர்ந்து பல்சக்கரமும் கோணலாகும். அதான் கியர் எகிறினது. அந்த உரசல்தான் சைக்கிள் கடைசியா கத்தின கத்தல். நாம பிரேக்கைத் தளர்த்தி அதோட வாயைப் பொத்தினோம். மூணு தடவை போய் 160 ரூபாய் கொடுத்தாச்சு. யாரும் ஒரு தடவைகூட சக்கரத்தைக் கழட்டலை. புது அச்சு, கோன், பால்ஸ், கிரீஸ் எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு இருநூத்துச் சொச்சம். சம்பளம் போன 41 நாளை எந்த ஹெட்ல எழுதறதுன்னு எங்க அக்கவுன்ட்ஸ் சாரைத்தான் கேட்கணும். ரிப்பேர்ஸ் அண்ட் மெயின்டனன்ஸ்லயா?

"பார்த்தியா, கியர் சைக்கிள்னாலதான அச்சு போச்சு"ன்னு ஒரு குரல் கேட்குது. அதுல கால் வாசி உண்மை இருக்கு. பழைய கறுப்பு சைக்கிள்ல ஒத்தப் பல்சக்கரம்தான். பேரிங் கிட்டத்தட்ட ஃப்ரேமுக்குப் பக்கத்துலயே இருக்கும். மலிவு விலை கியர் சைக்கிள்ல ஹப்போட வலது பக்கத்துல ஆறேழு பல்சக்கரம் உள்ள ஃப்ரீவீலைத் திருகி மாட்டறாங்க. அதுக்கு இடம் கொடுக்கறதுக்காக பேரிங் உள்ளே தள்ளிப் போயிடுது. அதனால ஃப்ரேமுக்கும் பேரிங்குக்கும் நடுவுல மூணு சென்டிமீட்டருக்கு மேல அச்சு அந்தரத்துல தொங்குது. விலை கூடின சைக்கிள்ல கேசட்னு ஒண்ணு வரும். அதுல வலது பேரிங்கை ஃப்ரேம் பக்கமாத் தள்ளி வச்சுட்டாங்க, அச்சுக்குப் பிரச்சினை இல்லை. ஆக, தப்பு கியர்ல இல்லை. மலிவு ஹப்புல கேரியரை மாட்டி, ஞாயித்துக்கிழமை 25 கிலோ அரிசி மூட்டையை ஏத்தி, குண்டும் குழியுமான ரோட்டுல விட்டுட்டு, வருஷக்கணக்கா கோனைத் திறந்து பார்க்காம இருந்ததுல இருக்கு. கோன் லூசா இருக்கான்னு பார்க்க ஒரு நிமிஷம் போதும். சைக்கிளைத் தூக்கிப் பிடிச்சு சக்கரத்தைப் பக்கவாட்டுல ஆட்டணும். 'டக் டக்'னு ஆடினா கோன் லூசு. ஆடவே இல்லை, ஆனா கையால சுத்தும்போது கரகரங்குதுன்னா ரொம்ப டைட்டு, இல்லைன்னா கிரீஸ் காலி. அச்சு மேல சந்தேகம் வந்தா சக்கரத்தைக் கழட்டி நுனியை விரலால உருட்டிப் பாருங்க. நேர் அச்சோட நுனி ஒரே இடத்துல நிக்கும். வளைஞ்ச அச்சோட நுனி வட்டம் போடும்.

அடுத்த மூடநம்பிக்கை, "முன்பிரேக் பிடிச்சா குப்புற விழுவ". இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறையை முன்பிரேக் இல்லாம ஓட்ட வச்சிருக்காங்க. பிரேக் போட்டா எடை முன்சக்கரத்துக்குப் போகும். இறக்கத்துல இன்னும் அதிகமாப் போகும். அப்ப பின்சக்கரம் லேசாகிச் சறுக்கும். உண்மையில நிறுத்தறது முன்பிரேக்தான். இழுத்த வேகத்துல முழுசா இழுக்காம, ரெண்டையும் சேர்த்து படிப்படியா அழுத்தணும், அவ்வளவுதான். சித்தப்பாவோட முன்பிரேக் ஒயர் துருப்பிடிச்சதுக்குக் காரணம் உப்புக்காத்து மட்டும் இல்லை, இந்த உபதேசமும்தான்.

டிஸ்க் பிரேக்கா, சொல்லவே வேணாம். டிஸ்க் இருந்தா சேஃப்டின்னு நினைப்பு. மலிவு சைக்கிள்ல வர்ற ஒயர் டிஸ்க்ல பெரும்பாலும் ஒரு பக்கத்து பேட் மட்டும்தான் நகரும், இன்னொண்ணு அசையாது. பேட் தேயத் தேய, அசையாத பேடையும் டிஸ்க்கை ஒட்டித் திருகி வைக்கணும். ஒயரை மட்டும் இழுத்துக் கட்டிக்கிட்டே போனா ஒரு கட்டத்துல இழுக்க ஒயர் இருக்கும், பிடிக்க பிரேக் இருக்காது. கீச்சுன்னு சத்தம் வருதுன்னு டிஸ்க்ல தேங்காயெண்ணெய் விட்ட ஒருத்தனை எனக்குத் தெரியும். நம்ம கிளாஸ்தான். பேர் சொல்ல மாட்டேன், அவனுக்கே தெரியும் :-)

செயின் கதை தனி. நம்ம ரோட்டுல மண்ணும் மில்லு தூசியும் செயின்ல ஒட்டும். அது மேல பைக் மெக்கானிக் ஷாப்புல வடிச்ச வேஸ்ட் ஆயிலை ஊத்தறோம். அதுல ஏற்கெனவே இரும்புத்தூள் மிதக்குது. அதாவது அரத்தூளைக் குழைச்சு பின்னுக்குப் பின் ஊட்டி விடறோம். அப்புறம் "செயின் நீண்டுடுச்சு"ன்னு புலம்பல். தகடு நீளறது இல்லைங்க, உள்ளே பின் தேயுது. 12 இஞ்ச் ஸ்கேல் இருந்தா போதும். புது செயின்ல ஒரு பின்னோட நடுவுல சைபரை வச்சா 24 கண்ணி தள்ளி இருக்கிற பின் சரியா 12 இஞ்ச்ல நிக்கும். 1/16 இஞ்ச் தாண்டிப் போனா புதுசு வாங்கக் காசு சேர்க்கலாம். 1/8 இஞ்ச் தாண்டிட்டா அது ஃப்ரீவீல் பல்லையும் தின்னு முடிச்சிருக்கும். அதுக்கப்புறம் செயினை மட்டும் மாத்தினா மிதிக்க மிதிக்க நழுவும், ரெண்டையும் சேர்த்து வாங்கணும். மண்ணெண்ணெய்ல கழுவி, காய வச்சு, நல்ல ஆயில் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, மேலே இருக்கிறதைத் துணியால துடைங்க. ஆயில் பின்னுக்குத்தான். வெளியே பூசினா தூசிக்கு வெத்தலை பாக்கு வச்சு அழைச்ச மாதிரி.

இன்னொரு விஷயம். 1976-ல கலிஃபோர்னியாவுல ஃபேர்ஃபாக்ஸ் ஊர்ப் பக்கம் சில பசங்க பழைய குண்டு டயர் சைக்கிள்ல மலைச்சரிவுல ரேஸ் விட ஆரம்பிச்சாங்க. ஹப்புக்குள்ள இருக்கிற பிரேக்கு. இறங்கி முடிக்கறதுக்குள்ள சூட்டுல கிரீஸ் புகையாப் போயிடும். ஒவ்வொரு தடவையும் ஹப்பைப் பிரிச்சு புது கிரீஸ் அடைக்கணும். அந்த ரேஸுக்குப் பேரே 'ரீபேக்', அதாவது மறுபடி அடைக்கிறது. மவுண்டன் பைக் பிறந்ததே கையில கிரீஸோடதான். அதை வாங்கிட்டு நாலு வருஷம் ஹப்பைத் திறக்காம ஓட்டறோம்.

இத்தனைக்கும் நாம சைக்கிள் தெரியாத ஊர்க்காரங்க இல்லை. 1949-ல டிஐ சைக்கிள்ஸ் தொடங்கினது அம்பத்தூர்ல. 2018 வரைக்கும் அம்பத்தூர் நம்ம திருவள்ளூர் மாவட்டம்தான். அரசாங்கம் பிளஸ் ஒன் பசங்களுக்கு சைக்கிளே இலவசமாக் கொடுக்குது. நானும் வாங்கியிருக்கேன். ஆனா சைக்கிள் கொடுத்த அன்னைக்கு, கோனை எப்படி டைட் பண்றதுன்னு ஒருத்தரும் காட்டலை. ஒரு ஸ்பேனர் கூடக் கையில கொடுக்கலை.

கடைக்கார அண்ணனை மட்டும் குத்தம் சொல்லவும் மனசு வரலை. 50 ரூபாய்க்கு 20 ரூபாய் பேரம் பேசற நமக்காக யார் ஹப்பைப் பிரிப்பாங்க? போன ஞாயிறு உடைஞ்ச அச்சை எடுத்துக்கிட்டு அவர் கடைக்குத்தான் போனேன். ரெண்டு துண்டையும் ஒட்ட வச்சுப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் உள்ளே போய் மெல்லிசான கோன் ஸ்பேனர் ரெண்டு கொண்டுவந்து, "நீயே டைட் பண்ணு, நான் பார்க்கிறேன்"ன்னார். முதல் தடவை ரொம்ப இறுக்கிட்டேன். மூணாவது தடவைதான் சக்கரம் சத்தமில்லாம சுத்துச்சு.