வன்னியில் ‘வைபை’ என்பதும் பெரும்பாலும் ஒரு சிம் அட்டைதான்

சில மாதங்களுக்கு முன்னர் முல்லைத்தீவில் ஒரு தாயின் நேர்காணலைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்தேன். மகனைத் தேடும் தாய். 14 நிமிடக் காணொளி. 1080 தரத்தில் எடுத்தால் பெரும்பாலான கைத்தொலைபேசிகளில் ஒரு நிமிடமே 100 எம்பியைத் தாண்டும். வீதியோரத்தில் நின்று அனுப்பத் தொடங்கினேன். பாதியில் டேட்டா முடிந்தது. பக்கத்துக் கடையில் ரீலோட் போட்டு மீண்டும் முதலிலிருந்து அனுப்பினேன். கொழும்பிலிருந்த ஆசிரியருக்கு இதைச் சொன்னபோது அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: “தம்பி, வைபை இருக்கிற இடத்தில இருந்து அனுப்பலாமே, காசு மிச்சம்.”

அந்த ஆலோசனை கொழும்புக்குப் பொருந்தும். எங்கள் ஊர்களில் அது எந்தளவுக்குப் பொருந்தும் என்பதுதான் கேள்வி.

டேட்டாவுக்கான செலவு திடீரென்று சுமையாகவில்லை. பொருளாதார நெருக்கடியின்போது, 2022 செப்டெம்பரில் கைத்தொலைபேசிக் கட்டணங்கள் 20 சதவீதத்தால் உயர்ந்தன. 2022 தொடக்கத்தில் 8 சதவீதமாக இருந்த வற் வரி அதே ஆண்டில் 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. இதற்கிடையில் 2.5 சதவீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியும் வந்தது. போட்டியும் சுருங்கியது. 2018இல் எடிசலாட் ஹட்ச்சுடனும் 2024இல் எயார்டெல் டயலொக்குடனும் இணைந்தன. ஒரு காலத்தில் ஐந்து நிறுவனங்கள் இருந்த சந்தையில் இன்று எஞ்சியிருப்பவை மூன்று.

இந்த நிலையில் வைபைக்கு மாறுங்கள் என்பது நியாயமான அறிவுரைதான். கம்பிவழி இணைப்பில் ஒரு ஜிபிக்கான விலை பொதுவாகக் குறைவு. ஆனால் போரில் அழிந்த தொலைபேசிக் கம்பிகளுக்குப் பதிலாக வன்னிக்கு முதலில் வந்தவை கோபுரங்கள். ஃபைபர் நகரங்களையும் பிரதான வீதிகளையும் ஒட்டியே வந்தது. உள்வீதிக் குடியிருப்புகளில் ‘வீட்டில வைபை இருக்கு’ என்று ஒருவர் சொன்னால், அது பல இடங்களில் சிம் போட்ட ஒரு 4ஜி ரவுட்டர். அதாவது அதுவும் அளந்து விற்கப்படும் டேட்டாதான். பெயர் மட்டும்தான் வைபை.

பொறி இங்கேதான் இருக்கிறது. கைத்தொலைபேசிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. வைபை கிடைத்ததும், இது இலவசம் என்று அது எடுத்துக்கொள்கிறது. செயலிகள் தாமாகப் புதுப்பித்துக்கொள்கின்றன, படங்கள் கூகுளில் சேமிக்கப்படுகின்றன, வட்ஸ்அப் குழுக்களில் வந்த காணொளிகள் எல்லாம் இறங்குகின்றன.

புதுக்குடியிருப்புப் பக்கத்தில் தையல் வேலை செய்யும் ஒரு அக்காவின் வீட்டில் இதைக் கண்ணால் கண்டேன். கணவர் இறுதிப் போரோடு இல்லை. இரண்டு பிள்ளைகள். சட்டைகளைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் போட்டு, வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் ஊடாகவும் விற்கிறார். தொலைபேசி தவணைக்கு வாங்கியது. “ரவுட்டர் வாங்கினா மிச்சம் எண்டு சொன்னாங்கள். மாசம் பாதியிலயே முடியுது” என்றார். பயன்பாட்டுக் கணக்கைத் திறந்து பார்த்தோம். அதிகம் தின்றது அவருடைய வியாபாரமல்ல; செயலிப் புதுப்பிப்புகளும் படச் சேமிப்பும்தான்.

மாற்றியது சில விடயங்களைத்தான். அன்ட்ரொயிட்டில் வைபை அமைப்புக்குள் அந்த ரவுட்டரின் பெயரை அழுத்தினால், அதை ‘அளவிடப்பட்ட இணைப்பு’ எனக் குறிக்கலாம். அதன் பிறகு பின்னணிப் பதிவிறக்கங்களில் பெரும்பாலானவை நிற்கும். வட்ஸ்அப்பில் ஊடகங்கள் தானாக இறங்குவதை வைபைக்கும் சேர்த்து நிறுத்தினோம். இதற்கு நேரெதிரான பிரச்சினையும் உண்டு. உண்மையான வைபை பலவீனமாகும்போது பல தொலைபேசிகள் சத்தமில்லாமல் சிம் டேட்டாவுக்குத் தாவும். பெரிய கோப்பு அனுப்பும்போது மொபைல் டேட்டாவைக் கையால் நிறுத்தி வைப்பதே பாதுகாப்பு. எனக்கே இது பிந்தித்தான் விளங்கியது.

ஆனாலும் இவை எல்லாம் தனிமனிதர் செய்யக்கூடிய சிக்கனம். யாருடைய வேலைக்கு யார் டேட்டா போடுகிறார்கள் என்று கேட்டால் படம் மாறுகிறது. வெளிக்கள உத்தியோகத்தர்கள் தம் சொந்தத் தொலைபேசியில் படமும் படிவமும் அனுப்புகிறார்கள். சுயாதீன ஊடகவியலாளருக்குக் கட்டுரைக்குத்தான் கொடுப்பனவு. அனுப்பும் செலவு யாருடைய கணக்கிலும் வராது. அலுவலகத்துக்கு வந்தால் வைபை இருக்கிறது என்பார்கள். வேலை நடப்பதோ கிராமத்தில். அலுவலகத்துக்குப் போய் அனுப்பப் பெற்றோல் செலவு, டேட்டாவைவிட அதிகம்.

கடை வைபை, விடுதி வைபை என்று தேடிப் போவோருக்கு இன்னொன்றையும் சொல்லவேண்டும். வட்ஸ்அப் உரையாடலின் உள்ளடக்கத்தை ரவுட்டர் உரிமையாளரால் வாசிக்க முடியாது. ஆனால் எந்தத் தொலைபேசி எப்போது இணைந்தது, எந்தத் தளங்களுக்குப் போனது என்பதை அறிய வாய்ப்புண்டு. வேறு ஊரில் இது சிறு விடயம். யார் வந்தார், யாரோடு கதைத்தார் என்று விசாரிக்கப்பட்டுப் பழகிய எங்கள் ஊரில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களோடு வேலை செய்பவருக்கு அப்படியல்ல. அந்தத் தாயின் காணொளியை நான் வீதியோரத்தில் நின்று சொந்த டேட்டாவில் அனுப்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

தையல் அக்கா அடுத்த மாதம் அழைத்தார். 26ஆம் திகதி வரை டேட்டா தாக்குப்பிடித்ததாம். மிச்ச நாட்களுக்கு மகளின் சூம் வகுப்புக்கு மட்டும் ரீலோட் போட்டதாகச் சொன்னார்.