ஒரு டிரெயின் பிளக் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

காலையில் எடுத்தால் வண்டி ஜோராக ஓடுகிறது. அரை மணி நேரம் புல் வெட்டி ஆயில் சூடேறியதும் மேட்டில் இழுவை குறைகிறது. பெடலை அடிவரை மிதித்தாலும் முக்கி முனகி நின்றுவிடுகிறது; பிறகு மெல்லப் பின்னால் சரிகிறது. எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. பிளேடும் சுற்றுகிறது. சக்கரம் மட்டும் திரும்ப மாட்டேன் என்கிறது. இதே புகாரைச் சொல்லாத புல்வெட்டி டிராக்டர்க்காரர்கள் எங்கள் தெருவில் குறைவு.

நாங்கள் இருக்கும் மேற்குப் பென்சில்வேனியாவில் சமதரை என்பதே அபூர்வம். ஒரு ஏக்கர் மனை என்றால் அதில் பாதி சரிவுதான். புல்லை வளரவிட்டுச் சும்மா இருக்கவும் முடியாது. எட்டு, பத்து அங்குலத்தைத் தாண்டினால் பல ஊர்களில் நோட்டீஸ் வந்துவிடும். இந்தச் சின்ன டிராக்டர் எங்களுக்கு ஆடம்பரம் இல்லை, அன்றாடத் தேவை.

இப்போது விற்கும் வண்டிகளில் பெரும்பாலும் கியர் கிடையாது, ஹைட்ரோஸ்டேட்டிக் டிரான்ஸ்மிஷன்தான். எஞ்சினிலிருந்து வரும் பெல்ட் ஒரு புல்லியைச் சுற்றுகிறது. உள்ளே ஒரு பிஸ்டன் பம்ப் ஆயிலை அழுத்தித் தள்ள, அந்த அழுத்தத்தில் பக்கத்திலிருக்கும் மோட்டார் சுழன்று அச்சைத் திருப்புகிறது. பெடலை மிதித்தால் பம்புக்குள் ஒரு தட்டின் சாய்வு மாறும். வேகமும் ரிவர்ஸும் அதிலேயே வந்துவிடுகின்றன. மரத்தைச் சுற்றி முன்னும் பின்னும் போய் வெட்டுவதற்கு இதைப்போல் சுகம் வேறில்லை, அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் உள்ளே வேலை முழுவதையும் செய்வது ஆயில். மேடு ஏற ஏற அது கொதித்து நீர்த்துப்போகிறது. நீர்த்த ஆயில் இடுக்குகளில் கசிய, அழுத்தம் விட்டுப்போகிறது. உலோகம் தேய்ந்து உதிரும் பொடியும் அந்த ஆயிலிலேயே சுற்றிச் சுற்றி வருகிறது. அதை அவ்வப்போது மாற்றியாக வேண்டும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும்.

மாற்றுவதற்கு வழியே வைக்கவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

"இது சீல் செய்த யூனிட். நாங்கள் திறப்பதில்லை, முழுசாகத்தான் மாற்றணும்" என்றார் சர்வீஸ் கடைக்காரர். விலை கேட்டால் வண்டி விலையில் கிட்டத்தட்டப் பாதி, கூலி தனி. "அதுக்குப் புதுசே வாங்கிடலாமே" என்று அவரே சொல்கிறார். எஞ்சின் நன்றாக இருக்கிறது, புல் வெட்டும் டெக் நன்றாக இருக்கிறது. கால் வாளி ஆயில் கெட்டதற்காக வண்டியையே தூக்கிப் போடு என்கிறார்கள். எத்தனையோ வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது. வாசலோரம் நிற்கும் டிராக்டர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

என் வண்டியை நானே கழற்றினேன். அச்சு நுனியில் உள்ள கிளிப்பை எடுத்து, வாஷரை எடுத்தால் சக்கரம் வந்துவிட வேண்டும். வரவில்லை. அச்சோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. துரு இளக்கும் ஆயில் அடித்து, இரவு முழுக்க ஊறவிட்டு, புல்லர் போட்டு இழுத்த பிறகுதான் அசைந்தது. உள்ளே பார்த்தால் குளிர்விக்கும் பிளாஸ்டிக் விசிறியில் இரண்டு இறக்கை ஒடிந்திருந்தது. டிரான்ஸ்மிஷனின் அலுமினியப் பெட்டி மேல் காய்ந்த புல்லும் தூசியும் ஒரு விரல்கடை கனத்துக்குக் கம்பளமாகப் படிந்திருந்தன. ஆயில் ஊற்றும் மூடி அந்த விசிறிக்கு அடியில் இருக்கிறது. வண்டியில் மாட்டியிருக்கும்போது அங்கே கை போகாது. இறக்கி வைத்தாலும் ஆயிலை வடிக்க அடியில் ஓட்டை இல்லை. பெட்டியையே தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். வந்த ஆயில் கன்னங்கரேலென்று, இரும்பு மினுமினுப்போடு இருந்தது. உள்ளே ஒட்டியிருந்த காந்தத்தில் பொடி தாடிபோல் தொங்கியது.

புது ஆயில் ஊற்றி, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, பைபாஸ் லிவரை இழுத்து, பெடலை முன்னும் பின்னும் மிதித்துக் காற்றை வெளியேற்றியதும் வண்டி ஓரளவு தேறியது. ஓரளவுதான். ஏற்கனவே தேய்ந்த பாகத்தை ஆயில் என்ன செய்யும்?

அதற்குப் பிறகுதான் பெரிய டிரான்ஸ்மிஷனாகப் போட்டுவிடுவோம் என்று இறங்கினேன். பழைய வண்டியிலிருந்து கழற்றியது ஒன்று கிடைத்தது. என் வண்டியின் அச்சு முக்கால் அங்குலம், இது ஒரு அங்குலம். ஆகவே பழைய சக்கரம் சேராது. போல்ட் ஓட்டைகள் பொருந்தாது. பிரேக் லிவர் எதிர்ப் பக்கத்தில். பெல்ட் நீளம் வேறு. பிராக்கெட் வெட்டி, வெல்டிங் வைத்து, வேறு ரிம் தேடி, ஒரு வழியாக ஏற்றினேன். இப்போது அதே மேட்டில், அதே வெயிலில், திணறாமல் ஏறுகிறது.

என்னை உண்மையில் கோபப்படுத்தியது இந்தப் பெரிய யூனிட்டின் கையேடு. முதல் 50 மணி நேரத்தில் ஆயில் மாற்று, பிறகு 200 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்று என்கிறது. அடியில் ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக் இருக்கிறது. வெளியிலிருந்தே கழற்றும் ஃபில்டர் இருக்கிறது. சின்ன யூனிட்டும் பெரிய யூனிட்டும் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். பெரியதற்கு ஆயில் மாற்ற வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு, சின்னதற்கும் வேண்டும் என்று தெரியாதா? சின்னது இன்னும் சூடேறும். ஓட்டை போட்டு மரை எடுத்து ஒரு பிளக் மாட்ட எவ்வளவு செலவாகிவிடும்? பழைய சின்னப் பெட்டியில் நானே அதைச் செய்தேன். டிரில்லும் மரை எடுக்கும் டேப்பும் இருந்தால் ஒரு சாயங்கால வேலை.

முன்பு இப்படி இல்லை. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1961-ல் கொண்டுவந்த முதல் கப் காடெட் புல்வெட்டி டிராக்டரில் பின்பெட்டி வார்ப்பிரும்பு. ஃபார்மால் கப் என்ற விவசாய டிராக்டரின் வழியில் வந்தது. ஆயிலை வடிக்கலாம், அளவு பார்க்கலாம், கியரைக் கழற்றி மாட்டலாம். அவற்றில் இன்றும் ஓடுகிறவை உண்டு.

இப்போது கடையில் பெரிய எழுத்தில் இருப்பது குதிரைத் திறன். அந்தக் கணக்கையே கம்பெனிக்காரர்கள் கூட்டிச் சொன்னார்கள் என்று தொடுத்த வழக்கு மில்வாக்கி கூட்டாட்சி நீதிமன்றத்தில் 2010-ல் சமரசமாகி முடிந்தது. கணக்கு சரியாகவே இருந்தாலும் 17 குதிரை வண்டிக்கும் 24 குதிரை வண்டிக்கும் அடியில் ஒரே சின்ன டிரான்ஸ்மிஷனை வைத்து விற்றால் அந்த ஏழு குதிரை எனக்கு எதற்கு? சட்டமாவது உதவுமா? கொலராடோவில் 2024 ஜனவரி முதல் விவசாய இயந்திரங்களுக்குப் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் இருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் அது கையேட்டையும் உதிரிப்பாகத்தையும் கருவியையும் தரச் சொல்லும் சட்டம். திறக்க முடியாதபடி செய்ததைத் திறக்கும்படி செய் என்று யார் சொல்வது?

வாங்குகிறவர்கள்தான் சொல்ல வேண்டும். சரிவான மனைக்கு வண்டி எடுக்கப் போகிறீர்களா? கடையிலேயே குனிந்து பின்னச்சுக்கு அடியில் பாருங்கள். டிரெயின் பிளக் எங்கே, டிரான்ஸ்மிஷன் மாடல் நம்பர் என்ன, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும் என்று விற்பவரிடம் கேளுங்கள். அதெல்லாம் தேவையே இல்லை என்று அவர் சொன்னால் அந்த வண்டியை வாங்காதீர்கள்.