27 நட்சத்திரம் போய் 5 நட்சத்திரம்

நம்மவர்கள் வெளிநாட்டுக்கு உல்லாசப் பிரயாணம் போவதைப் பற்றி நமக்கு யாதொரு ஆட்சேபணையும் கிடையாது. கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று சொல்லி நம்மைக் கிணற்றுத் தவளைகளாக வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. அது மலையேறியது நல்லதே. ஆகவே, நம் வாலிபர்கள் நாலு காசு சேர்த்துக் கடல் கடந்து போய், அலைச்சறுக்குப் பழகுவதற்கென்று நடத்தப்படும் முகாம்களில் ஒரு வாரம் பத்து நாள் தங்கி, பலகை மேல் ஏறி அலையோடு விளையாடிவிட்டு வருவதை நாம் மனதார வரவேற்கிறோம். ஆனால், அந்த முகாமை அவர்கள் தேர்ந்தெடுக்கிற யோக்கியதை இருக்கிறதே, அதைத்தான் கண்டிக்க வேண்டியிருக்கிறது.

நமக்குத் தெரிந்த வாலிபர் ஒருவர். நன்றாகப் படித்தவர், கை நிறையச் சம்பளம் வாங்குகிறவர். ஜூலை மாதத்தில் அவருக்குப் பத்து நாள் லீவு கிடைத்தது. இலங்கையின் தென்மேற்குக் கரையிலுள்ள ஒரு முகாமுக்குப் பணம் கட்டினார். அவருடைய தாயார் பஞ்சாங்கத்தைப் புரட்டி, இராகுகாலம் தள்ளி, 27 நட்சத்திரத்தில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, பிரயாணத்துக்கு நாள் குறித்துக் கொடுத்தார். மகன் அதைக் கண்டு சிரித்தார். சிரித்தவர் என்ன செய்தார்? கைப்பேசியை எடுத்து, எந்த முகாமுக்கு 5 நட்சத்திரம் போட்டிருக்கிறது என்று பார்த்தார்! தாயார் பார்த்த நட்சத்திரம் வானத்தில். மகன் பார்த்த நட்சத்திரம் கண்ணாடியில். ஏன், எப்படி என்று இருவரில் ஒருவராவது கேட்டார்களா என்றால், இல்லை.

போய் இறங்கினால் கடல் கலங்கிக் கொந்தளித்துக் கொண்டிருந்தது. கரையில் சிவப்புக் கொடி. "இது காலமல்லவே" என்று முகாம்காரரைக் கேட்டதற்கு, "நீங்கள் கேட்கவில்லையே" என்று பதில் வந்தது. பணம் திரும்பக் கிடைக்காது. இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்து, மூன்றாம் நாள் கொஞ்சம் காற்றுத் தணிந்ததும், 14 பேருக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கில் எல்லோரையும் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். நம் வாலிபருக்கு நீச்சல் தெரியாது. தெரியுமா என்று அங்கே யாரும் கேட்கவுமில்லை. கடல் அவரை உள்ளே இழுத்துக்கொண்டு போனது. கரையில் வலை உலர்த்திக் கொண்டிருந்த ஒரு மீனவப் பையன் பாய்ந்து போய் இழுத்து வந்து போட்டான்.

ஊர் திரும்பியதும் வீட்டார் சொன்னதென்ன? "நல்ல நாளில் புறப்பட்டதால் உயிர் தப்பியது" என்று கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தார்கள். அந்த மீனவப் பையன் பெயர் என்னவென்று நாம் கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை! காப்பாற்றிய கை ஒன்று, கும்பிடு வாங்குகிற கல் வேறொன்று. இதைவிட அறிவுக்கும் நன்றிக்கும் கேடு வேறு என்ன வேண்டும்?

நிற்க, அந்த 5 நட்சத்திரம் பொய்யா என்று கேட்டால், பொய்யல்ல. அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. அந்த நட்சத்திரங்களைப் போட்டவர்கள் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் போனவர்கள். அவர்கள் கண்டது பிப்ரவரிக் கடல். நம்மவர் போனது ஜூலைக் கடல். தை மாதத்து நிலவரத்தைப் பார்த்து ஆடி மாதத்தில் விதைப்பவனைக் குடியானவன் என்பார்களா?

இலங்கை ஒரே தீவுதான். ஆனால் அதற்கு அலைச்சறுக்குக் காலம் இரண்டு. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிறது. அது ஹிக்கடுவை, மிரிஸ்ஸ முதலிய தென்மேற்குக் கரைகளில் கடலிலிருந்து கரையை நோக்கி வீசுவதால் அலையைக் குலைத்து நொறுக்குகிறது. அதே காற்று தீவைக் கடந்து, கிழக்கே பொத்துவில் பக்கத்து அறுகம்பையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால், தெற்குச் சமுத்திரத்திலிருந்து வருகிற அலையை ஒழுங்காக எழுந்து நிற்கச் செய்கிறது. ஒரே காற்று, ஒரு கரைக்குக் கேடு, மறு கரைக்கு நன்மை. ஆகவே, ஜூலையில் போகிறவன் அறுகம்பைக்குப் போக வேண்டும். ஜனவரியில் போகிறவன் தென்மேற்குக்குப் போக வேண்டும். இதற்குச் சோதிடன் வேண்டுமா? தேசப்படமும் காற்றின் திசையும் தெரிந்தால் போதாதா?

பாலித் தீவிலும் இதே நியாயம்தான். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மேற்குக் கரை நல்லது. மழைக் காலத்தில் கிழக்குக் கரை நல்லது. மொராக்கோவின் தகஸூத்துக்குப் போகிறவனுக்குக் குளிர்காலமே காலம். ஏனெனில், வட அட்லாண்டிக் புயல்கள் அப்போதுதான் அலையை அனுப்புகின்றன. கடலுக்கும் கணக்கு உண்டு. அதைப் பஞ்சாங்கத்தில் தேடுவதுதான் பைத்தியக்காரத்தனம்.

ஆகவே, முகாமுக்குப் பணம் கட்டுமுன் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

முதலாவது, நான் வருகிற மாதத்தில் உங்கள் கரையில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசும்? இதற்கு நேரான பதில் சொல்லாமல், "வருஷம் பூராவும் அருமையாக இருக்கும்" என்று சொல்லுகிறவன் வியாபாரி. அவனை அத்தோடு விட்டுவிடலாம்.

இரண்டாவது, கடலடியில் இருப்பது மணலா, பாறையா? புதிதாகப் பழகுகிறவன் நூறு முறை விழுவான். வெலிகமவில் அடியில் மணல். விழுந்தால் மணல் ஒட்டும், அவ்வளவே. பவளப்பாறை மேல் விழுந்தால் தோல் கிழியும். அறுகம்பையிலேயே மெயின் பாயிண்ட் என்பது பழகியவர்களுக்கு உரியது. புதியவர்களுக்குப் பேபி பாயிண்ட் என்று வேறு இடம் இருக்கிறது. எந்த இடத்துக்கு அழைத்துப் போவார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர்? அவர் உயிர்காப்புப் பயிற்சி பெற்றவரா? பலகை ஏறத் தெரிந்தவரெல்லாம் ஆசிரியராகிவிட மாட்டார். எட்டுப் பேருக்கு மேல் ஒருவரிடம் ஒப்படைக்கிற முகாம், பாடம் நடத்தவில்லை, மந்தை மேய்க்கிறது.

நான்காவது, உனக்கு நீச்சல் தெரியுமா என்று முகாம்காரன் உன்னைக் கேட்கிறானா? கேட்காதவனுக்கு உன் பணத்தின்மேல் கண்ணே ஒழிய உன் உயிரின்மேல் கண்ணில்லை. அன்றியும், கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகிற வாய்க்கால் போன்ற இடங்கள் கடலில் உண்டு. அங்கே அலை உடையாததால் அமைதியாகத் தோன்றும். தெரியாதவன் அதையே நல்ல இடமென்று இறங்குவான். அகப்பட்டுக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைக்கக் கூடாது. பலகையை விடாமல் பிடித்துக்கொண்டு, கரைக்கு இணையாக விலகிப்போய், இழுப்பு நின்றபின் கரைக்குத் திரும்ப வேண்டும். இதை முதல் நாளே மணலில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதே யோக்கியமான முகாம்.

ஐந்தாவது, அந்த முகாமில் உள்ளூர் மனிதனுக்கு என்ன இடம்? ஆசிரியனாக இருக்கிறானா, எச்சில் தட்டு எடுக்க மட்டும் இருக்கிறானா? 2024 பிப்ரவரியில் இலங்கையின் உனவட்டுனவில், வெள்ளையர்களுக்கு மட்டுமே என்று ஒரு கேளிக்கைக்கு விளம்பரம் செய்யப்பட்டு, ஊரார் கண்டித்த பிறகு அது நிறுத்தப்பட்டது. சொந்தக் கரையிலேயே மண்ணுக்குரியவனை வாசலில் நிறுத்துகிற இடத்துக்கு, நாம் பணமும் கொடுத்து மானத்தையும் கொடுக்க வேண்டுமா?

"இது வெள்ளைக்காரன் விளையாட்டு, நமக்கேன்?" என்று சிலர் சொல்லக்கூடும். இது வெறும் அறியாமை. பலகை மேல் நின்று அலையேறுவதை ஒரு கலையாக வளர்த்தவர்கள் ஹவாய்த் தீவுகளின் பழங்குடி மக்கள். ஆணும் பெண்ணும் அதை ஆடினார்கள். அங்கேயும் நீண்ட பெரிய பலகை தலைவர் குலத்துக்கே என்று ஒரு மேல் கீழ் இருந்தது. 1820இல் வந்திறங்கிய பாதிரிமார்கள் அந்த விளையாட்டையே இழிவென்று ஏசினார்கள். பின்னர் அதை உலகமெங்கும் பரப்பியவரும் ஒரு ஹவாய்க்காரரே. 1912 ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்ற டியூக் கஹனமோகு என்பவர் அவர். கட்டுமரத்தில் தினமும் அலையுடைத்துப் போகிற நம் மீனவனுக்கு இந்த அலை அந்நியமா?

"பெண்கள் போகலாமா?" என்பார்கள் வேறு சிலர். அறுகம்பையில் பெண்களே கூடி 2018இல் தங்களுக்கென்று ஓர் அலைச்சறுக்குச் சங்கம் அமைத்து, ஊராரின் முணுமுணுப்பைத் தாண்டி அலையேறுகிறார்கள். அவர்களைப் போய்க் கேளுங்கள், பதில் கிடைக்கும்.

தோழர்களே! கடல் யாருக்கும் வேண்டியவனுமல்ல, வேண்டாதவனுமல்ல. அதற்கு நல்ல நாளும் தெரியாது, நல்ல நட்சத்திரமும் தெரியாது. தாயாரின் பஞ்சாங்கத்தை எடுத்தெறிந்துவிட்டு விளம்பரக்காரனின் பஞ்சாங்கத்தைக் கையில் எடுப்பதற்குப் பகுத்தறிவு என்று பெயரல்ல. பழைய மூடநம்பிக்கைக்குப் புதுச் சட்டை மாட்டியதாகவே அர்த்தம். போங்கள், தாராளமாகப் போங்கள். ஆனால் கேட்டுவிட்டுப் போங்கள். நீந்தக் கற்றுக்கொண்டு போங்கள். போன இடத்தில் உங்களைக் கை கொடுத்துத் தூக்குகிறவன் எவனாயிருந்தாலும், முதலில் அவன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள்.