தேதியில்லாத கொக்கு

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் பெரிய தொழிற்பேட்டை வரவேண்டுமென்றால், 2006-ஆம் வருட அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை வேண்டும். அதற்கான அடிப்படைத் தரவை மழைக்காலம் நீங்கலாக ஒரே ஒரு பருவத்தில் எடுத்தால் போதுமாம்! இங்கே ஏரி நிரம்புவதே ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான். சித்திரை வெயிலில் போய் எண்ணினால் நீர்ப்பறவை எங்கிருந்து வரும்?

சரி, எண்ணியதையாவது ஒழுங்காகக் குறிக்கிறார்களா? கொக்கு, நாரை, நீர்க்காகம் என்று ஒரு பெயர்ப்பட்டியலை ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். என்றைக்குப் பார்த்தது, எந்த ஏரியில், எத்தனை மணி நேரம் தேடி? மூச்! தண்ணீர்க் கணக்கு இன்னும் மோசம். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 8 மில்லிகிராம் என்று ஒரு எண் இருக்கும். விடியற்காலையிலா, பிற்பகல் 3 மணிக்கா? பாசி மண்டிய ஏரியில் பகலில் ஒளிச்சேர்க்கையால் அளவு ஏறும், விடியலில் மீன் செத்து மிதக்குமளவுக்கு இறங்கும். நேரம் எழுதாத எண்ணை வைத்து ஏரி நலம் என்றும் சொல்லலாம், நாசம் என்றும் சொல்லலாம். (எது சொல்லப்படும் என்பது தெரிந்ததுதானே.)

இந்தக் குறிப்புகளுக்குத்தான் மெட்டாடேட்டா என்று பேர். குறிப்பில்லாத தரவு வருடம் ஆக ஆக எப்படிச் செத்துப்போகிறது என்று வில்லியம் மிச்செனரும் சகாக்களும் 1997-லேயே படம் போட்டுக் காட்டியாகிவிட்டது. நேரமில்லை என்பதெல்லாம் சாக்கு. இ-பேர்டில் பதியும் பள்ளிக்கூடப் பிள்ளைகளே தேதி, இடம், பார்த்த நேரம் எல்லாம் எழுதுகிறார்கள். காசு வாங்கிக்கொண்டு அறிக்கை தயாரிக்கும் ஆலோசகர்களுக்கு மட்டும் என்ன கேடு?