விலை இறங்காத ஜிப்ஸி

புதிதாக வாங்கும் கார் வருஷத்துக்கு வருஷம் மதிப்பு இழக்கிறது. தயாரிப்பை நிறுத்திவிட்ட ஒரு பழைய ஜீப் வகை வண்டி மட்டும் அசைந்து கொடுக்க மறுக்கிறது. காரணம் வெறும் ஆசை அல்ல.

பொழுது இன்னும் விடியவில்லை. ராஜஸ்தானில் சவாய் மாதோபூரின் விடுதி வாசல்களில் கூரையில்லாத மாருதி ஜிப்ஸிகள் உறுமத் தொடங்கிவிட்டன. கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆறு பேர் ஏறிக்கொள்கிறார்கள். ரந்தம்போர் காட்டில் புலி கண்ணில் படுமா என்பது அவர்கள் கவலை. ஓட்டுநரின் கவலை வேறு. அவரது முதலீடு, சம்பாத்தியம் எல்லாமே அந்த வண்டிதான். அதற்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. அதைப் போல் புதிதாக இன்னொன்று வாங்க ஷோரூமில் வழியில்லை.

கார் வாங்குபவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம் இது: சாவி கைக்கு வந்த நாளிலிருந்தே விலை சரிய ஆரம்பித்துவிடும். புது மாடல் வந்தால் இன்னும் சரியும். ஜிப்ஸி இந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. விற்பனையின் கடைசிக் காலத்தில் இதன் ஷோரூம் விலை ரூ 6 லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. அப்போது வாங்கி நன்றாக வைத்திருக்கும் வண்டிக்கு இன்றும் கிட்டத்தட்ட அதே விலை, சில சமயம் அதற்கு மேலும் கேட்கிறார்கள். ஏ.சி. கிடையாது, ஏர்பேக் கிடையாது, பின் இருக்கையில் உட்கார்ந்தால் இடுப்பு தப்பாது. அப்படியும் கேட்கிறார்கள்.

முதல் காரணம், ஜிப்ஸி மாறவே இல்லை என்பது. 1985 டிசம்பரில் 970 சிசி இன்ஜினுடன் வந்த வண்டி, 1990களில் 1.3 லிட்டர் இன்ஜினுக்கு மாறியது. சக்கரங்களுக்கு இடையிலான அகலம் கொஞ்சம் கூடியது. மற்றபடி 30 ஆண்டுகளுக்கு மேல் அதே பெட்டி உருவம்தான். 2005 மாடலையும் 2015 மாடலையும் பக்கத்தில் நிறுத்தினால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். பழசாகத் தெரியாத பொருளுக்குப் பழைய விலை சொல்ல யாருக்கும் மனம் வராது.

இரண்டாவது காரணம், ரிப்பேர். ஏணி போன்ற சேசிஸ், லாரிகளில் இருப்பது போன்ற பட்டை ஸ்பிரிங், மாருதியின் எஸ்டீம் காரிலும் ஓடிய இன்ஜின் குடும்பம். சிறிய ஊர் மெக்கானிக்கும் கம்ப்யூட்டர் துணையில்லாமல் பிரித்துப் பூட்டிவிடுவார். எடை ஒரு டன்னுக்குள்தான். சேற்றில் சிக்கினால் நாலு பேர் கைகொடுத்தால் வெளியே வந்துவிடும். ராணுவம் 30,000க்கும் மேற்பட்ட ஜிப்ஸிகளை வாங்கியது சும்மா அல்ல. அந்தப் பெரிய வாடிக்கையாளர் இருந்ததால் உதிரி பாகங்களுக்கும் பஞ்சம் வரவில்லை.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. ஜிப்ஸிக்கு மாற்று வரவில்லை. பாதுகாப்பு விதிகளும் மாசு விதிகளும் கடுமையானதும், 2019வாக்கில் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. அதே குடும்பத்தின் ஐந்து கதவு ஜிம்னி 2023 ஜூனில் வந்தது. தொடக்க விலை ரூ 12.74 லட்சம். தலைக்கு மேல் இரும்புக் கூரை. மஹிந்திராவின் மூன்று கதவு தார் நான்கு பேருக்கான வண்டி. ஆறு பயணிகள், ஒரு வழிகாட்டி, ஓட்டுநர் என்று எட்டுப் பேரைச் சுமந்து காட்டுக்குள் போக வேண்டியவருக்கு இரண்டும் நேரடியாக உதவாது. வெட்டி ஒட்டி மாற்றிக்கொள்ளலாமே என்றால், தயாரிப்பாளரின் மூல வடிவத்திலிருந்து மாற்றப்பட்ட வண்டியைப் பதிவு செய்ய முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தேவை அப்படியே இருக்கிறது, வரத்து குறைகிறது. முன்பெல்லாம் போலீஸ், வனத்துறை ஜிப்ஸிகள் ஏலத்துக்கு வந்தால் யாராவது எடுத்துச் சீர் செய்து ஓட்டுவார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் 15 வயது கடந்த அரசு வண்டிகளின் பதிவு ரத்தாகிறது. அவை போக வேண்டிய இடம் உடைப்புக் கூடம். நாட்டின் பாதுகாப்பு, சட்டம் ஒழுங்குப் பணிகளுக்கான சிறப்பு வண்டிகளுக்குத்தான் விலக்கு.

இங்கே இரண்டு வகை மனிதர்கள் ஒரே வண்டிக்குப் போட்டியிடுகிறார்கள். ஒருவர், ஞாயிற்றுக்கிழமை மலையேறிப் பார்க்கும் நகரத்துக்காரர். 1999இல் தொடங்கிய ரெய்டு த ஹிமாலயா பந்தயத்தில் ஜிப்ஸிகள் பறந்ததைப் பார்த்து வளர்ந்த தலைமுறை. பெரிய டயர், வின்ச், புது பெயின்ட் என்று அவர் செலவு செய்யத் தயார். மற்றவர், அதை ஓட்டித்தான் சாப்பிட வேண்டும் என்ற நிலையில் இருக்கும் காட்டோர ஊர்க்காரர். முதலாமவர் தரும் விலைதான் சந்தை விலை ஆகிறது. தன்னிடம் இருப்பதை விற்கும்போது இரண்டாமவருக்கு லாபம்தான். ஆனால் விற்ற பிறகு அடுத்த வண்டிக்கு எங்கே போவார்?

இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்த விலை இரும்பில் பாதி என்றால் காகிதத்தில் பாதி. சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்கு. பிறகு புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ 600லிருந்து ரூ 5,000 ஆனது. 20 வயதைத் தாண்டிய கார்களுக்கு 2025இல் ரூ 10,000 ஆக்கப்பட்டது. டெல்லியிலோ 15 வருஷ பெட்ரோல் வண்டிகளுக்கான தடையை 2018இல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. 2025இல்தான் சற்றுத் தளர்த்தியது. இடைப்பட்ட காலத்தில் அங்கே வயது கடந்த வண்டி வைத்திருந்தவர்கள், தடையில்லாச் சான்று வாங்கி வெளி மாநிலத்தில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியிருந்தது. ஓடும் வண்டிதான். ஆவணம் காலாவதியானால் பழைய இரும்பு விலை.

எனவே வாங்க நினைப்பவர் பளபளக்கும் பெயின்டைப் பார்த்து மயங்குவதில் அர்த்தமில்லை. சேசிஸின் அடியில் துரு ஏறியிருக்கிறதா, சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா, ராணுவ ஏலத்தில் வந்ததென்றால் அதற்கான காகிதங்கள் முழுதாக இருக்கின்றனவா, பதிவு இன்னும் எத்தனை வருஷம் என்பதுதான் விலையைத் தீர்மானிக்க வேண்டும்.

2018 கணக்கெடுப்பில் நாட்டில் 2,967ஆக மதிப்பிடப்பட்ட புலிகள் 2022இல் 3,682 ஆயின. அவற்றைக் காட்டிக் கொடுக்கும் ஜிப்ஸிகளோ ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. அழியும் இனத்தின் பட்டியலில் இப்போது சேர வேண்டியது எது என்று சவாய் மாதோபூர் ஓட்டுநர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.